விசில் டீச்சர் பதில்கள்: 40 நிமிடத்தில் 34 நிமிடம் நின்ற பையன்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பி.டி. பீரியடைப் பற்றியவை. 31 வருடம் விசிலும் கையுமாக மைதானத்தில் நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்? பெற்றோர், பிள்ளைகள், வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு உடற்கல்வி ஆசிரியர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. தேர்வு நெருங்குகிறது என்று வாரத்தில் இருந்த இரண்டு பி.டி. பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பள்ளியில் போய்க் கேட்டால் வம்பாகிவிடுமா? (ஒரு தாய்)

கேளுங்கள் அம்மா. ஆனால் கணக்கு ஆசிரியரிடம் போய் நிற்காதீர்கள். பாடத்தை முடிக்கச் சொல்லி அவர் கழுத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கால அட்டவணையை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்துக்கு 420 நிமிடம். இரண்டு பீரியடும் முழுசாகக் கிடைத்தாலே 80 நிமிடம்தான் தேறும். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். உடற்கல்வி நேரத்தைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளில், அதனால் படிப்பில் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கணக்கைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு அந்த வரிதான் காதில் ஏறும்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். பீரியடைப் பிடுங்குகிறார்கள் என்று நாங்கள் புலம்புவோமே, பல நாள் நானே கொடுத்திருக்கிறேன். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், என்ன நடத்துவது என்று ஒரு திட்டமும் இல்லாத நாளில், "டீச்சர், உங்க பீரியடை எடுத்துக்கட்டுமா?" என்று யாராவது வந்து நின்றால் அப்பாடா என்றிருக்கும். பாடமாக நடத்தாத பீரியடை மற்றவர்கள் ஓய்வு நேரம் என்று நினைத்ததில் என் பங்கும் உண்டு.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. பி.டி. பீரியடில் இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிப்பார்கள். எப்போதும் கடைசியில் நான்தான் மிச்சம். "சரி, நீ உப்புக்குச் சப்பாணி" என்று எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. எனக்கு விளையாட்டு வராது, அதற்கு இது தண்டனையா டீச்சர்?

தம்பி, முதலில் ஒரு மன்னிப்பு. உன்னைப் போன்ற பிள்ளைகளை நானும் நிறுத்தி வைத்திருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை. தெரிய வந்ததும் தற்செயலாகத்தான்.

வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆன சமயம். கணுக்கால் சுளுக்கி, ஒரு வாரம் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தபடியே வகுப்பு எடுத்தேன். கையில் ஸ்டாப்வாட்ச், செய்ய வேறு வேலை இல்லை. ஒரே ஒரு பையனைக் குறி வைத்தேன். அவன் உடம்பு அசையும்போது வாட்சை ஓட விடுவது, நின்றால் நிறுத்துவது. வருகைப் பதிவுக்கு நின்றான். வரிசை நேராகும் வரை நின்றான். ஆள் பிரிக்கும்போது நின்றான். அப்புறம் வாலிபால், இரண்டு பக்கமும் பதினொரு பேர், அவன் பின் மூலையில். பந்து அவனிடம் மூன்று தடவை வந்தது. மணி அடித்தபோது வாட்சைப் பார்த்தேன். ஆறு நிமிடம். 40 நிமிடப் பீரியடில் 34 நிமிடம் அந்தப் பிள்ளை சும்மா நின்றிருக்கிறான். அவன் சோம்பேறி என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஆள் பிரிப்பதை நானே எடுத்துக்கொண்டேன். அதுவும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவேன், யாரையும் யாரும் பொறுக்க வேண்டியதில்லை. பதினொருவர் அணியைப் பிய்த்து மூன்று பேர், நான்கு பேர் கொண்ட அணிகளாக்கினேன். ஒரு மைதானத்தில் கயிறு கட்டி நாலு சின்ன மைதானம். பந்து போதவில்லை என்று நிர்வாகத்திடம் கேட்டேன், கிடைக்கவில்லை. பழைய பந்துகளைத் தைத்து ஓட்டினோம். விளையாட்டின் விதியை மாற்றுவது பாவம் என்று சில மாணவர்களே என்னோடு சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஒரு கதை சொல்லுவேன். 1891-ல் அமெரிக்காவில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு வகுப்பு மாட்டியது. குளிர்காலம், வெளியே போக முடியாது. உள்ளே செய்த பயிற்சிகள் எல்லாம் மாணவர்களுக்குச் சலித்துப்போய்விட்டன. அவர் பால்கனியில் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டி, 13 விதிகளை எழுதி, இருந்த 18 பேரையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து இறக்கிவிட்டார். கூடையில் பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்க வேண்டும். கூடைப்பந்து பிறந்தது இப்படித்தான். 18 பேர் இருந்தார்கள், 18 பேரும் ஆடினார்கள். ஒருவரையும் வெளியே நிறுத்தவில்லை, பார்!

விளையாட்டு வராது என்று நீயே முடிவு கட்டாதே. பையன்கள் வேகமாக உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். உன் வகுப்பில் கேப்டனாக நிற்கிறவன் இப்போதே வளர்ந்து முடித்தவனாக இருக்கலாம். அதே வகுப்பில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவனுக்கும் கடைசியில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட பன்னிரண்டு மாதம் வித்தியாசம். இந்த வயதில் அது பெரிய வித்தியாசம். பலரும் அதைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் பி.டி. ஆசிரியரிடம் கொடு. கொடுக்கக் கூச்சமாக இருந்தால் அவர் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடு. அந்த ஓட்டமும் கணக்கில் சேரும்.

கேள்வி: ஓடும்போது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்துக்கொள்கிறது. என்ன செய்ய?

வேகத்தைக் குறை. பிடித்த இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு மூச்சை நீளமாக வெளியே விடு. சாப்பிட்ட கையோடு ஓடாதே, இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர். ஓட்டம், தாண்டுதல் எல்லாவற்றையும் நேரம் பார்த்து, அளந்து மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். வேகமாக ஓடுகிறவனுக்கு நூறு, மெதுவாக ஓடுகிறவனுக்கு முப்பது என்பது மனசுக்கு ஒப்பவில்லை. நீங்கள் எப்படிப் போட்டீர்கள்?

ஒப்பாமல் இருப்பது நல்ல குணம், விட்டுவிடாதீர்கள். நானும் முதல் பத்து வருடம் வாட்சைப் பார்த்துத்தான் போட்டேன்.

பீப் ஓட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, ஒலி கேட்பதற்குள் மறுகோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு அரைக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். லூக் லெஜே என்ற கனடாக்காரர் 1980-களில் கொண்டுவந்தது. இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நல்ல சோதனைதான். தொல்லை என்னவென்றால், முதலில் தோற்கிறவர்தான் முதலில் வெளியே வந்து, மற்றவர்கள் ஓடி முடிக்கும் வரை எல்லோர் கண்ணிலும் பட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண் இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். அதற்கப்புறம் சோதனை என்று அறிவித்த எந்த நாளிலும் அவள் பள்ளிக்கு வரவில்லை. எனக்கு அது புரிய இரண்டு பருவம் ஆனது.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். அதை அவரும் நானும் மட்டும்தான் பார்ப்போம். ஜூனில் என்ன, செப்டம்பரில் என்ன, இவ்வளவுதான் அதில் இருக்கும். பக்கத்துப் பையனோடு ஒப்பீடு கிடையாது. பாதி வகுப்பு ஓடும், பாதி வகுப்பு எண்ணிக் குறிக்கும், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். வேடிக்கை பார்க்க யாருக்கும் நேரமிருக்காது.

மதிப்பெண்ணில் பெரும்பகுதியை வேறு இடத்துக்கு மாற்றினேன். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கத் தெரிகிறதா? ஓடி நின்றதும் ஒரு தடவை, ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை எண்ணி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன சொல்கிறது என்று விளக்கத் தெரிகிறதா? தன் வீட்டில், தன்னிடம் இருப்பதை வைத்து நாலு வாரத்துக்கு ஒரு பயிற்சித் திட்டம் எழுதி, அதைச் செய்து, எங்கே சறுக்கியது என்று நேர்மையாக எழுத முடிகிறதா? இந்தக் கடைசிப் பாகத்தில் மிக நன்றாக எழுதியவர்களில் பாதிப் பேர் ஓட்டத்தில் கடைசி வரிசைக்காரர்கள். "மூன்றாம் வாரம் முழுக்க ஏமாற்றினேன்" என்று எழுதிய ஒருவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். தலைமை ஆசிரியர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார், அது வேறு கதை.

இன்னொன்று. எடை பார்க்கும் இயந்திரத்தை வகுப்பின் நடுவில் வைத்து எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்குக்கு அடிப்படை போட்ட கெத்லே ஒரு புள்ளியியலாளர். மருத்துவர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அவர் தேடியது கூட்டத்தின் சராசரியை. வளரும் பிள்ளைகளுக்கு அந்த எண்ணை வயதும் பாலினமும் பார்த்துத் தனி அட்டவணையில்தான் படிக்க வேண்டும். அது மருத்துவர் வேலை, நம் வேலையில்லை.

கேள்வி: ரெக்கார்டு நோட்டில் வாலிபால் மைதானத்தை அளவோடு வரையச் சொல்கிறார்கள். நாங்கள் வாலிபால் ஆடியதே இல்லை. எதற்கு?

18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வரைந்துவிட்டாய் அல்லவா? அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போய், கயிறு பிடித்து, தரையில் கோடு போட அனுமதி கேள். கோடு போட்டவர்களை ஆட வேண்டாம் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வராது.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவி. எங்கள் பி.டி. ஆசிரியர் ஆண். மாதவிடாய் நாட்களில் அவரிடம் சொல்ல முடியாமல் காய்ச்சல், தலைவலி என்று பொய் சொல்கிறேன். அந்த நாட்களில் விளையாடவே கூடாதா?

விளையாடலாம் கண்ணு. ஓடலாம், குதிக்கலாம். மிதமாக உடம்பை அசைத்தால் அடிவயிற்று வலி குறைகிறது என்று பல பெண்கள் சொல்வார்கள். உனக்கு எப்படியிருக்கிறது என்று நீதான் பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால் அன்றைக்கு மெதுவாக நட. வலியில் சுருண்டு படுக்க வேண்டியிருந்தால், இரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தால், கொஞ்சம் ஓடினாலே தலை சுற்றி மூச்சு வாங்கினால், பொறுத்துக்கொள்ளாமல் வீட்டில் சொல்லி மருத்துவரைப் பார். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதை எளிதாகச் சரிசெய்யலாம்.

பொய் சொல்ல வேண்டியிருப்பது உன் தப்பில்லை. நான் ஒரு வழி வைத்திருந்தேன். எல்லோருக்கும் ஒரு மஞ்சள் அட்டை, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதில் "இன்று மெதுவாக" என்று இரண்டே வார்த்தை. வகுப்பு தொடங்கும்போது அதை என் கூடையில் போட்டால் போதும், காரணம் கேட்க மாட்டேன். தூங்காமல் வந்தவனும் போடுவான், வீட்டில் சண்டை போட்டு வந்தவளும் போடுவாள், உன் போன்றவர்களும் போடுவார்கள். யார் எதற்குப் போட்டார்கள் என்று தெரியாது. தினமும் போட்டு ஏமாற்றுவார்களே என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். இரண்டு பேர் ஏமாற்றினார்கள், உண்மைதான். அதற்காக முப்பது பேரைப் பொய் சொல்ல வைக்க முடியாது.

கேள்வி: என் மகளின் உடல்நலப் பாடப் புத்தகத்தில் பருவ வயது மாற்றங்கள், இனப்பெருக்கம் எல்லாம் வருகிறது. இதெல்லாம் பள்ளியில் பேச வேண்டியதா? அந்த வகுப்புக்கு மட்டும் அவளை அனுப்பாமல் இருக்கலாமா? (ஒரு தந்தை)

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு அந்தப் பாடம் நடப்பதில்லை என்பதுதான் என் கவலை. அந்த அத்தியாயம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தாண்டிவிடுகிற ஆசிரியர்கள்தான் அதிகம்.

பெண்களுக்குப் பருவ மாற்றம் தொடங்குவது பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள், ஆண்களுக்கு 9 முதல் 14-க்குள். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லித் தருவது, மழை விட்ட பிறகு குடை கொடுப்பது மாதிரி. இதைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயமும் பொதுவானது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018-ல் புதுப்பித்த வழிகாட்டியில், இந்தக் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே பாலுறவில் இறங்குவதில்லை என்றுதான் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போடலாம். எல்லோரும் ஒரு சீட்டாவது போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் வெறும் சீட்டைப் போடலாம். அப்போதுதான் யார் எழுதினார் என்று தெரியாது. நீங்கள் நினைப்பது போன்ற கேள்விகள் குறைவு. வந்தவை இவை: "குரல் உடைந்தது அப்படியே நின்றுவிடுமா?" நிற்காது, குரல்வளை வளர்ந்து முடிந்ததும் நிலைக்கு வரும். "ஒரு மார்பு பெரிசு, ஒன்று சிறிசு, இது நோயா?" இல்லை, வளரும்போது சகஜம். "பையனாக இருந்தும் எனக்கு மார்பு லேசாக வீங்குகிறது, யாரிடம் சொல்வது?" இதுவும் பருவ வயதில் பல பையன்களுக்கு வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். அந்தச் சீட்டைப் படித்தபோது பின்வரிசையில் ஒரு பையன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எத்தனை மாதம் அந்தப் பயத்தைச் சுமந்தானோ.

மகளை வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். அதற்கு முந்தின இரவு அந்த அத்தியாயத்தை நீங்கள் ஒரு தடவை படியுங்கள். புரியாத இடம் உங்களுக்கே ஒன்றிரண்டு இருக்கும்.

கேள்வி: மகனுக்கு ஆஸ்துமா. விளையாட்டிலிருந்து விலக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அவனோ ஆட வேண்டும் என்கிறான்.

அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் ஆடலாம். ஒலிம்பிக் வரை போனவர்கள் இருக்கிறார்கள். விலக்குக் கடிதத்துக்குப் பதிலாக மருத்துவரிடம் இன்னொரு கடிதம் வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா, எப்போது, மூச்சு இழுத்தால் என்ன செய்வது, எந்த நிலையில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது அதில் வரிவரியாக இருக்கட்டும். தொடக்கத்தில் உடம்பைச் சூடாக்கும் நேரம் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இன்ஹேலர் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது, அவன் கால்சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

கேள்வி: 13 வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து, குதித்தால் வலிக்கிறது. எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்றும் நண்பன் பயமுறுத்துகிறான்.

முதலாவது, பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையின் தசைநார் எலும்போடு சேரும் இடத்தை இழுத்து இழுத்து வருவது. கொஞ்ச நாள் குதிப்பதைக் குறைத்தால் தணியும், வளர்ச்சி முடிந்ததும் பொதுவாகப் போய்விடும். ஆனாலும் மருத்துவர் ஒரு தடவை பார்க்கட்டும். இரண்டாவது, கட்டுக்கதை. சரியான முறையைச் சொல்லித்தர ஆள் பக்கத்தில் இருந்து, எடை அளவாக இருந்தால் வளர்த்தி நிற்காது. நண்பனோடு போட்டி போட்டுத் தூக்கினால் முதுகு போகும்.

கேள்வி: உடல்நலப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லித்தர முடியும் என்றால் எதைச் சொல்லித்தருவீர்கள்?

மூச்சில்லாமல் விழுந்தவரின் மார்பை அழுத்துவது. முதலில் உதவிக்கு ஆள் கூப்பிடு, அவசர உதவிக்குப் போன் போடச் சொல். இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மார்பின் நடுவில் வை, முழங்கையை மடக்காதே. பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும், 6-க்கு மேல் போகக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு மார்பு முழுசாக மேலே வர விடு.

பொம்மை இல்லாத காலத்தில் கெட்டித் தலையணையை வைத்துப் பழக்கினேன். இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தச் சொன்னால் பள்ளி அணி வீரர்களுக்கே கை துவண்டுவிடும். அப்போதுதான் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது புத்தகத்தைப் பார்க்காமலே புரியும். "விலா எலும்பு உடைந்துவிட்டால்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். உடையலாம். எலும்பு கூடிக்கொள்ளும், நீ நிறுத்தாதே.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் என்ன பயிற்சி செய்கிறீர்கள், டீச்சர்?

காலையில் நடை. முழங்கால் அனுமதித்தால் கொஞ்சம் வேகமான நடை. சாயங்காலம் பேரனும் அவன் கூட்டாளிகளும் பந்து விளையாடுவார்கள். போன வாரம் ஒரு ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் உற்சாகமாகப் போய் வரிசையில் நின்றேன். இரண்டு கேப்டன்கள் ஆள் பிரித்தார்கள். கடைசியில் நான் மட்டும் மிச்சம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "சரி பாட்டி, நீங்க கோல்ல நில்லுங்க" என்றான் பேரன். மூன்று கோல் விட்டேன்.